மண்ணுளி வாங்கலாமா? வேலூரில் முதல் பாம்பு

8 மார்ச் 2025

காட்பாடியில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "பாம்பு வளர்க்க ஆசை. இதுவரை மீன் மட்டும்தான் வளர்த்திருக்கிறேன். ஜவ்வாது மலைப் பக்கம் ஒருத்தர் மண்ணுளிப் பாம்பு தருகிறேன் என்கிறார். விஷம் இல்லை, கடிக்காது, மாதம் ஒரு எலி போட்டால் போதுமாம். முதல் முதலாக வளர்ப்பவனுக்கு இதைவிடச் சாதுவானது உண்டா?"

சாதுதான். பிடிக்க வரும் வனத்துறைக்காரர் அவ்வளவு சாதுவாக இருக்கமாட்டார். நம் காட்டிலும் கழனியிலும் திரியும் பாம்பைப் பிடித்து வீட்டில் அடைக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. மண்ணுளி, சாரை, தண்ணீர்ப் பாம்பு, மலைப்பாம்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி எழுதினார்கள். முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மலைப்பாம்பு ரொம்ப நாளாகவே அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

மண்ணுளி விற்க வருபவர் பாம்பை விற்கிறார் என்று நம்பாதே, கதையை விற்கிறார். இருதலை மணியன், கிலோ இத்தனை லட்சம், வெளிநாட்டில் மருந்துக்கு எடுக்கிறார்கள், வீட்டில் வைத்தால் பணம் கொட்டும். அதன் வால் மொட்டையாகத் தலை மாதிரியே இருக்கும். மிரண்டால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாலைக் காட்டும். இரண்டு தலைக் கதைக்கு மூலதனம் அவ்வளவுதான்.

அந்த ஆளின் நம்பரை அழித்துவிடு. வேறு பாம்பு பேசலாம்.

8 மார்ச், இரவு

நீ யார் பேச, என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

நான் சத்துவாச்சாரியில் பிரிட்ஜ், ஏசி மெக்கானிக். பாம்பு வாங்கியவன் இல்லை, என்னிடம் பாம்பு வந்து சேர்ந்தது. அக்கா பையன் பெங்களூரில் பால் பைத்தான் என்ற வெளிநாட்டுப் பாம்பை வாங்கி வளர்த்தான். 2023-இல் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனான். "ஆறு மாசம் மாமா, ஏற்பாடு பண்ணிடறேன்" என்று ஒரு கண்ணாடித் தொட்டியை என் கடையில் இறக்கிவிட்டுப் போனான். ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

பாம்பின் பெயரைக் கேட்டதும் அம்மா ஒரு டம்ளர் பால் எடுத்துவந்தார். "பால் பாம்புன்ற, பால் குட்க்காதுன்ற, இன்னாடா பேரு இது?" அந்தப் பால் இந்தப் பால் இல்லை, பந்து என்று அர்த்தம், பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் என்று விளக்கினேன். அம்மா கேட்கவில்லை. கேட்ட மாதிரி டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

9 மார்ச்

சரி, கேள்விக்கு வருகிறேன். உலகம் முழுக்க முதல் பாம்பு என்று சொன்னால் இரண்டு பெயர்தான் முன்னால் வரும். ஒன்று கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கு ஊர்களின் பாம்பு. மூன்று முதல் ஐந்து அடி, ஒல்லி, சுறுசுறுப்பு, சாப்பாட்டுக்கு அடம் பிடிக்காது. 15, 20 வருஷம் வாழும். (சோளம் தின்னாது. கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.) இன்னொன்று பால் பைத்தான், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. அதே நீளம், ஆனால் தடி. மந்தம். 20, 30 வருஷம் வாழும்.

30 என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டியதாகக் கணக்கிட்ட ஒரு பால் பைத்தான் 2020-இல் முட்டை இட்டது, அதுவும் பல வருஷமாக ஆண் பாம்பு அருகில் இல்லாமலே. தம்பி, உனக்கு இப்போது 19 வயதா? கல்யாணம், பொண்ணு பார்க்கப் போகும் வீட்டில் என்ன சொல்வது, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்.

என் ஓட்டு கார்ன் ஸ்நேக்குக்கு. வாரம் ஒரு எலி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் இடம். முடிந்தது.

9 மார்ச், மறுபடியும்

முடியவில்லை. காகிதம் இருக்கிறது.

பால் பைத்தான், காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் வரும் உயிர். 2022 திருத்தம் அந்தப் பட்டியல்களை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகச் சேர்த்தது. அதற்கான பதிவு விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. இப்போது வாங்கினால் கைக்கு வந்த 30 நாளுக்குள். குட்டி பொரித்தால், கை மாறினால், செத்தால், எல்லாம் சொல்ல வேண்டும். நான் அந்த ஆகஸ்ட்டில் கடையில் உட்கார்ந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினேன். அக்கா பையன் பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கார்ன் ஸ்நேக் சைட்டிஸில் இல்லை. அதற்காகச் சூட்கேஸில் பாங்காக்கிலிருந்து வந்ததை வாங்கலாம் என்று அர்த்தம் இல்லை. சென்னை விமான நிலையச் செய்திகளைப் படித்திருப்பாய். காலுறைக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் அடைத்து வந்த குட்டிகள். விற்பவரிடம் எங்கே பொரித்தது, தாய் தகப்பன் எங்கே என்று கேள். "அதெல்லாம் எதுக்கு பிரதர்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு.

15 மார்ச்

தம்பி அவசரப்படுகிறான், சித்திரைக்கு முன் வாங்கிவிட வேண்டுமாம். எனக்கு வேறு யோசனை.

பாம்பு வாங்காதே. தொட்டியை மட்டும் வாங்கு. மண் போடு, ஒளியும் சட்டி வை, தண்ணீர் வை, மூடியைப் பூட்டு. உள்ளே ஒரு தெர்மாமீட்டர். அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று நினைவு வைத்திருக்கும் டிஜிட்டல் வகை, ஈரப்பதமும் காட்ட வேண்டும். காலி தொட்டியை மே மாதம் முழுக்க ஓட்டு. தினம் சாயங்காலம் எழுதி வை. அக்னி நட்சத்திரம் முடிந்ததும் அந்த நோட்டைக் காட்டு, எந்தப் பாம்பு என்று அப்புறம் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரன் எழுதுகிற வளர்ப்புக் குறிப்பு எல்லாமே எப்படிச் சூடாக்குவது என்பதுதான். விளக்கு, ஹீட் மேட் என்கிற சூடாக்கும் விரிப்பு, அது இது. வேலூருக்காரனுக்கு அதில் பாதி தேவையில்லை. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்த மலை பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி நம் வீட்டுச் சுவருக்குள் இறக்குகிறது. பாம்புக்கு வியர்வை கிடையாது, நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு ஆற்றிக்கொள்ளவும் வராது. சூட்டிலிருந்து நகர்ந்து போவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. நான்கு பக்கமும் ஒரே சூடாக இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் எங்கே நகரும்?

2 ஏப்ரல்

திருத்தம். 9-ஆம் தேதி "வாரம் ஒரு எலி" என்று எழுதியிருந்தேன். குட்டிக்கு மட்டும்தான் அது சரி. வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்து, பதினான்கு நாளைக்கு ஒன்று. வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று.

இது எனக்குத் தெரிந்ததே தாமதமாகத்தான். முதல் வருஷம் வாரா வாரம் போட்டேன். நம்ம வீட்டுப் பழக்கம் அப்படி, வந்தவன் சாப்பிட்டால்தான் மனசு ஆறும். எடை ஏறிக்கொண்டே போனது. பாம்பு வளைந்து படுத்தால் செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தது, வாலுக்கு முன்னால் மெத்தை மாதிரி மடிப்பு. ஆரோக்கியம் என்று நினைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அக்கா பையன் ஒரு வரி எழுதினான்: "மாமா, அது பாம்பா, போண்டாவா?"

எலியின் அளவு பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைத் தாண்டக் கூடாது. உயிரோடு போடாதே. எலி சும்மா இருக்காது, பசி இல்லாத பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும். உறைந்த எலியை முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்று. மறுநாள் கவரோடு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஐஸ் முழுக்க விட்ட பிறகு துடைத்துக் கொடு. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். வாலைப் பிடித்து நீள இடுக்கியால் கொஞ்சம் ஆட்டினால் போதும். பால் பைத்தானுக்கு மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும், சூட்டை உணர்பவை. எலியின் தலை கதகதப்பாக இருந்தால்தான் திரும்பிப் பார்க்கும்.

சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் தூக்காதே. தூக்கினால் கக்கும். கக்கினதைச் சுத்தம் செய்தவன் இரண்டாம் முறை தூக்கமாட்டான்.

2 ஏப்ரல், பின்குறிப்பு

எலியை எங்கே வைப்பது என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். வீட்டு பிரிட்ஜில் கோழிக்கறிக்கே இடம் இல்லை, செவ்வாய் வெள்ளி என்றால் முட்டையும் உள்ளே போகாது. எனக்குத் தொழில் உதவியது. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒற்றைக் கதவு பிரிட்ஜைச் சரிசெய்து கடையில் வைத்தேன். ஒரு நாள் அதை விலை பேச வந்த ஒரு அம்மா ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டார். நான் பேசவே இல்லை. அவரும் பேசவில்லை. அந்தத் தெருவிலிருந்து இதுவரை எனக்கு ஒரு போன் வரவில்லை.

20 ஏப்ரல்

தேர்ந்தெடுப்பது பற்றி. நிறத்துக்கு மயங்கிப் போகாதே. பால் பைத்தானில் விதவிதமான நிற வகைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். அதில் ஸ்பைடர் என்று ஒன்று, பார்க்க அழகு, நரம்பில் கோளாறு. தலை ஆடிக்கொண்டே இருக்கும், சிலது எலியைக் குறி பார்த்துக் கவ்வ முடியாமல் தவிக்கும். அதைப் "பாசமாகத் தலையாட்டுது" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கையில் வாங்கிப் பார். உருண்டையாக இருக்க வேண்டும், முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்தினால் பட்டினி கிடந்தது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி மூச்சு, இரண்டும் நுரையீரல் நோய். கழிவுத் துவாரம் சுத்தமாக இருக்கிறதா? தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கருமிளகுப் பொடி மாதிரி கிடந்தால் உண்ணி. கண் பால் பூத்த மாதிரி இருந்தால் பயப்படாதே, சட்டை உரிக்கப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, உன் கண் முன்னால் ஒரு எலி சாப்பிடட்டும். "நேத்துதான் சாப்பிட்டுது" என்றால், சரி அண்ணே, அடுத்த முறை சாப்பிடும்போது வருகிறேன் என்று சொல்.

உடம்பு சரியில்லை என்றால் எங்கே காட்டுவாய் என்பதையும் இப்போதே கேட்டு வை. மாடு, ஆடு, நாய் பார்க்கும் மருத்துவர் நம் ஊரில் உண்டு. பாம்பு என்றதும் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கடைசியில் சென்னைக்குப் பஸ் ஏறினேன். தலையணை உறையில் முடிச்சுப் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மடியில். பக்கத்து சீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் வரை "இன்னாபா, கோழியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆமாம் என்றேன். அப்புறம் நாட்டுக்கோழியா, பிராய்லரா என்று ஆரம்பித்தார்.

5 மே

அக்னி நட்சத்திரம் நேற்று ஆரம்பித்தது. கடையில் மூச்சுவிட நேரம் இல்லை, எல்லா வீட்டிலும் ஏசி ஒரே நாளில் படுத்துக்கொள்கிறது.

போன வருஷ மே மாதத்தை எழுதிவிடுகிறேன். வெளியே 42, 43 என்று போனது. ஒரு மதியம் மின்வெட்டு. நான் ஆற்காட்டில் ஒரு கோல்ட் ரூம் வேலையில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது தொட்டிக்குள் 36. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் பாதி உடம்பைத் திணித்து, மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. பால் பைத்தானுக்குச் சூடான மூலையே 31, 32, அதிகம் போனால் 33 தான். குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. அன்று இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அன்றே தொட்டியைக் கீழ் அறைக்குக் கொண்டுபோனேன், கடப்பாக்கல் தரை. மண்பானை ஒன்று உடைந்து கிடந்தது, அதன் பாதியைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன், மேலே ஈரத்துணி. மே மாதம் நம் ஊர்க் காற்று காய்ந்தது, அதனால் ஈரம் நன்றாக வேலை செய்கிறது. அறையில் வெட்டிவேர் தட்டி போட்ட ஏர் கூலர். கரண்ட் போனால் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு ஓரமாகச் சாய்த்து வைப்பேன். உள்ளே வைக்காதே. பாம்பு அதன்மேல் படுத்து வேறு வம்பு வரும்.

இந்த வருஷம் இதுவரை 32-ஐத் தாண்டவில்லை.

11 மே

என் ஓட்டை வாபஸ் வாங்குகிறேன். கார்ன் ஸ்நேக் என்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது. அதற்கு 22, 25 டிகிரியில் ஒரு குளிர்ந்த பக்கம் வேண்டும். அறையே 32-க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் தாங்காது. ஏசி இல்லாத வேலூர் வீட்டுக்குப் பால் பைத்தான் கொஞ்சம் ஒத்துப்போகும். ஆனால் அதற்கு ஈரப்பதம் 50, 60 சதவீதம் வேண்டும், ஏப்ரலில் நம் காற்றில் அது எங்கே இருக்கிறது? சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். அதோடு பால் பைத்தான் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிடும், மாதக் கணக்கில். புதிதாக வளர்ப்பவன் பாம்பு சாவதற்குள் கவலையில் தானே செத்துவிடுவான்.

ஆக, பதில் இல்லை. ஏசி இருந்தால் கார்ன் ஸ்நேக். இல்லையென்றால் என்ன என்று தம்பியின் நோட்டு சொல்லட்டும்.

11 மே, இரவு

சாப்பிடாத கதை எழுதியதும் ஒன்று உறுத்துகிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

2024 ஜனவரி. ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கியது, ஹீட் மேட் போட்டிருந்தேன், சூடு ஏறினால் அதை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடுதான். பாம்பு ஆறு வாரமாகச் சாப்பிடவில்லை. இந்த வகை அப்படித்தான், பனிக்காலம் என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தொட்டியைத் துடைக்கப் பாம்பைத் தூக்கினால் வயிற்றுச் செதில் நான்கைந்து பழுப்பாகக் கருகியிருந்தது. மண்ணை விலக்கிப் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பாம்பு இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தள்ளியிருந்தது. அது ஈரத்தில் கிடந்து 23, 23 என்று சொல்லிக்கொண்டே இருக்க, மேட் நிற்காமல் எரிந்திருக்கிறது. கையை வைத்தேன், மூன்று நொடி வைக்க முடியவில்லை.

22 வருஷமாக ஊருக்கெல்லாம் தெர்மோஸ்டாட் மாற்றுகிறவன் நான். "சென்சார் காயிலை விட்டு நழுவியிருக்கும்மா, அதான் ஐஸ் கட்டுது" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். என் கடையில், என் காலடியில், அதே கோளாறு.

புண் ஆற மூன்று சட்டை உரிக்க வேண்டியிருந்தது. சென்னை போன பஸ் பயணம் இதற்குத்தான். மேட்டைத் தொட்டிக்கு அடியில், வெளிப்புறம் ஒட்டு. சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து அலுமினிய டேப்பால் ஒட்டு. வேறு ஒரு தெர்மாமீட்டரையும் வை, ஒன்றை மட்டும் நம்பாதே. வாரம் ஒரு முறை கையை வைத்துப் பார்.

29 மே

தம்பி நோட்டின் போட்டோ அனுப்பினான். அழகான கையெழுத்து. மொட்டைமாடி ரூம், மேலே ஷீட். மே 4 முதல் 28 வரை 25 நாளில் 19 நாள் காலித் தொட்டிக்குள் 36-க்கு மேல். ஒரு நாள் 39.4. ஓரத்தில் பென்சிலால், "அண்ணா, இதுல நானே இருக்க முடியல."

14 ஜூன்

குடியாத்தத்து அண்ணன் ஒருவர் படம் போட்டிருக்கிறார். குளியலறையில் வந்த பாம்பு, பழுப்பில் வெள்ளைப் பட்டை, முழ நீளம். "வெள்ளிக்கோல் வரையன்தானே, விஷமில்லை, பையன் பாட்டிலில் வைத்திருக்கிறான், வளர்க்கலாமா?"

அண்ணே, பாட்டிலை முதலில் பையன் கையிலிருந்து வாங்கி வையுங்கள்.

வெள்ளிக்கோல் வரையனும் கட்டு விரியனும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வரையனுக்குப் பட்டை கழுத்தருகே அழுத்தமாக ஆரம்பித்து வால் பக்கம் மங்கும். கட்டு விரியனுக்குப் பெரும்பாலும் தலைப் பக்கம் மங்கல், பின்னால் தெளிவு, இரண்டிரண்டு கோடாக. முதுகு நடுவே அறுகோணச் செதில் பெரிதாக இருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் குனிந்து செதில் எண்ணாதீர்கள். மண்ணுளியைத் தேடிப் போய்க் கண்ணாடி விரியனைத் தூக்கினவர்களும் உண்டு, மண்ணுளியில் ஒரு வகைக்கும் அதே மாதிரி தடித்த உடம்பு, புள்ளி. தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள், வருவார்கள்.

கட்டு விரியன் கடி பல நேரம் வலிக்காது. தூக்கத்தில் கடிபட்டு, காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று எழுவார்கள். கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, பச்சிலை தேடாதே. கை காலை அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனை. விஷமுறி மருந்து நாலு பாம்புக்கும் சேர்த்து ஒன்றுதான்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதும் இல்லை.

15 ஜூன்

விஷமுறி என்றதும் ஞாபகம் வந்தது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறவர்களில் பெரும் பங்கு நம் இருளர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-இல் ஆரம்பித்தது. அதற்கு முன் பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள், தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்று இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கலவைப் பக்கம் எங்கள் தாத்தா கழனிக்கு ஓர் இருளர் பெரியவர் வருவார், எலி பிடிக்க. வரப்பில் குனிந்து வளை வாயில் கையை வைத்துப் பார்ப்பார். வளை வாயில் மண் வழவழவென்று இருந்தால் சாரை உள்ளே போயிருக்கிறது என்பார். நான் ஒரு சாரைக் குட்டியைத் தகர டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். நாலு நாள். தவளை போட்டேன், தொடவில்லை. மூக்கை மூடியில் முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கொண்டது. பெரியவர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. டப்பாவை வாங்கி வரப்பில் சாய்த்தார். அது போன வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "எலி துன்றவன டப்பாவுல போட்டா நெல்ல யாரு காக்கறது?" என்றார்.

மண்ணுளி கேட்ட தம்பிக்கு முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். சட்டப் பிரிவுதான் முதலில் வாயில் வந்தது.

2 ஆகஸ்ட்

நேற்று ஆடி மூன்றாம் வெள்ளி. அம்மா புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, மீதியைத் தொட்டிக்கு முன்னால் வைத்து, கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் இட்டார். ஆப்பிரிக்கப் பாம்பும்மா, அதுக்கு ஆடி தெரியாது என்றேன். "அதுக்குத் தெரியாட்டி இன்னா, எனக்குத் தெரியும்ல."

பாம்பு பால் குடிக்காது. விழாவில் குடிப்பதைப் பார்த்தேன் என்பவர்களுக்கு: நாள் கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதைக் கொடுத்தாலும் குடிக்கும், அப்புறம் செரிக்காமல் அவதிப்படும். டம்ளரை நான் குடித்தேன்.

குங்குமத்தை மட்டும் துடைத்தேன், மூடியின் காற்றோட்டத் துளை வழியாகத் தூள் உள்ளே விழுகிறது. அம்மா இப்போது ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறார். ஒப்பந்தம்.

20 அக்டோபர்

தீபாவளி. சரவெடிக்குப் பாம்பு காதைப் பொத்தாது, தரை அதிர்வு உடம்புக்குத் தெரியும். தொட்டிக்கு அடியில் பழைய கம்ப்ரசரின் ரப்பர் புஷ் நான்கு வைத்தேன். பானையை விட்டு வெளியே வரவில்லை. நாளை சாப்பாட்டு நாள், தள்ளிப்போடுகிறேன்.

8 நவம்பர்

மழைக்காலப் பாடம், சுருக்கமாக. ஏப்ரலில் ஈரத்துக்கு அலைந்தவன் இப்போது எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் வயிற்றுச் செதில் அழுகும். தென்னை நார்த்தூளை மாற்றிக் காய்ந்தது போட்டேன். ஈரத்துணி கிடையாது. தொட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு, சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பாம்பின் தோலிலும் கழிவிலும் இருக்கும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இன்னும் கவனம்.

9 நவம்பர்

காலையில் பானைக்குள் சட்டை. ஒரே துண்டு, மூக்கிலிருந்து வால் நுனி வரை, காலுறையைக் கழற்றின மாதிரி உள்வெளியாக. கண்ணுக்கு மேலிருக்கும் இரண்டு வட்டச் சில்லும் அதிலேயே இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இருந்தன. போன ஏப்ரலில் ஒன்பது துண்டு, ஒரு கண் சில்லு ஒட்டிக்கொண்டு பதினைந்து நாள் அவதி. வயிற்றுப் பக்கம் விரித்தேன். பழைய சூட்டுத் தழும்பு இரண்டு செதிலில் லேசான சுருக்கமாகத் தெரிகிறது. எடை 1,480 கிராம். போண்டா இறங்கிவிட்டது.

அம்மா சட்டையைச் சுருட்டிப் பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

தம்பி இன்னும் பாம்பு வாங்கவில்லை. படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம், வேலை எந்த ஊரில் என்று தெரியவில்லை, மொட்டைமாடி ரூம் வேறு. காலித் தொட்டியில் இப்போது மீன் விட்டிருக்கிறான். டிசம்பரில் நான் பத்து நாள் சபரிமலைக்குப் போகிறேன், கடைக்கு வந்து பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். வருகிறானாம். அடுத்த ஞாயிறு எலியை ஐஸ் விடவைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இடுக்கி இரண்டு இருக்கிறது. அம்மாவிடம் அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவிட்டேன், அன்று மட்டும் சைவம்.